விசா கேட்காத தீவு

அபிராமி போன கிழமை எனக்குப் போன் எடுத்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக எனக்குக் கீழே வேலை பழகிய பெண். இப்போது ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், மார்க்கம் என்ற ஊரில் ஒரு பயண ஏஜென்சியில் இருக்கிறாள்.

"அன்ரி, கரிபியன் பக்கம் ஒரு சின்ன ஐலண்டுக்கு நீங்க அந்தக் காலத்தில நிறைய ஆக்களை அனுப்பினனீங்கள் எல்லோ? எங்கட கஸ்டமர்ஸ் ஹனிமூனுக்கு அங்க போகக் கேக்கினம். ஒரு ஸ்மோல் ரைட்-அப் தாங்கோவன். பிராக்டிகலா இருந்தால் காணும். அரைப் பக்கம்."

அரைப் பக்கம்தான் எழுத உட்கார்ந்தேன். தீவின் பெயரை எழுதப் போவதில்லை. அபிராமிக்குத் தெரியும், அது போதும். அங்கே விடுதி நடத்திய ஒரு மனுசியின் வாசலில் போய் யாரும் வம்புக்கு விடுப்பு விசாரிப்பதை நான் விரும்பவில்லை.

குறிப்புகள் இவைதான். ரொறன்ரோவிலிருந்து நேரே பிளேன் இல்லை. பெரிய தீவொன்றில் இறங்கி, பத்துப் பதினைந்து பேர் ஏறும் குட்டிப் பிளேனுக்கு மாற வேண்டும். அதில் ஏற்ற முன் பெட்டியை மட்டுமல்ல, உங்களையும் தராசில் நிறுப்பார்கள். கோபிக்காதீர்கள். திரும்பிப் போகும் ரிக்கற்றைக் கையிலேயே வைத்திருங்கள், பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு அங்கே நின்று பெட்டியைக் கிண்டாதீர்கள். ஊறுகாய், முறுக்கு, எள்ளுருண்டை ஒன்றும் வேண்டாம், சுங்கத்தில் எடுத்து எறிந்துவிடுவார்கள். அமெரிக்கக் காசு சில்லறை நோட்டாகக் கொண்டுபோங்கள். கடைக்காரரிடமோ பஸ்காரரிடமோ எதையும் கேட்க முன் "குட் மோர்னிங்" சொல்லுங்கள். சொல்லாமல் கேட்டால் அங்கே அது பெரிய மரியாதைக்கேடு, பதிலே வராது. கிழக்குக் கரையில் கடலில் இறங்க வேண்டாம், இழுத்துக்கொண்டு போகும். மேற்குக் கரையில் குளிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடையும் பூட்டு. மத்தியானத்துக்குப் பிறகு மழை பெய்யும், அது நின்றுவிடும், அதற்காக அறைக்குள் இருந்து மூக்கைச் சிந்த வேண்டாம்.

இவ்வளவையும் எழுதிவிட்டுப் பார்த்தால், நான் அனுப்பிய ஆட்களில் ஒருவர்கூட ஹனிமூனுக்குப் போகவில்லை. கடல் குளிக்கப் போனவர்களும் இல்லை. அதை எழுதாமல் இந்தக் குறிப்பை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அபிராமி அரைப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொள்ளட்டும்.

தொண்ணூறுகளில் எங்கள் ஆட்களின் நிலைமை இது. பிள்ளை அகதியாக ரொறன்ரோவில் இருப்பான். அவனால் இலங்கைக்குப் போக முடியாது. அம்மா கொழும்பில் லொட்ஜில் இருப்பார். அவருக்குக் கனடா விசா கிடைக்காது, "திரும்பிப் போகமாட்டார்" என்று சொல்லி மறுத்துவிடுவார்கள். இந்திய விசாவும் அந்த வருடங்களில் எங்கள் ஆட்களுக்குச் சுலபமாகக் கிடைக்கவில்லை. பத்து வருடமாகப் பெற்ற தாயின் முகம் பார்க்காதவர்கள் ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒவ்வொரு கட்டடத்திலும் இருந்தார்கள். அப்போதுதான் இந்தத் தீவு கண்ணில் பட்டது. இலங்கைப் பாஸ்போட்டுக்குச் சில கிழமைகள் விசாவே கேட்காத தீவு. அம்மாவுக்கு லண்டனில் பிளேன் மாற ஒரு ட்ரான்சிற் விசா எடுத்தால் போதும். மகன் இந்தப் பக்கத்தால் வருவான், தாய் அந்தப் பக்கத்தால் வருவார். நடுக்கடலில் சந்தித்து, பத்து நாள் சமைத்துச் சாப்பிட்டு, அழுது, படம் எடுத்து, பிரிந்து போவார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் என் முதலாளி சோமசுந்தரம். எல்லோருக்கும் சோமண்ணை. அதே ரொறன்ரோவில், வோபர்ன் பகுதியில் ஒரு மளிகைக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் எங்கள் ஏஜென்சி இருந்தது. நான் மன்னாரிலிருந்து வந்து, பிஸ்கற் தொழிற்சாலையில் நின்று கால் வீங்கி, பின்னேர வகுப்பில் பயணத் தொழில் படித்து, பச்சை எழுத்துக் கொம்பியூட்டரில் கட்டளைகளை மனப்பாடம் செய்து அங்கே சேர்ந்தேன். பழகிய கதை அவ்வளவுதான், அதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. ரிக்கற் எழுதும்போது கடைசித் தாள்வரை எழுத்துப் பதிய அழுத்தி எழுத வேண்டும். விரலில் சிவப்புக் கார்பன் ஒட்டியிருக்கும். பூசைக்குப் போனால் பாதிரியார் என் கையைத்தான் பார்ப்பார்.

சோமண்ணை கழுத்தில் ரை கட்டாமல் கடை திறக்க மாட்டார். வாடிக்கையாளர் நின்றால் அவரும் நிற்பார். "பயப்படாதேங்கோ" என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. "என்ன நடக்குமெண்டு சொல்லுறன், பிறகு நீங்களே பாத்துப் பயப்படுங்கோ" என்பார். பிளேன் விசயத்தில் பொய் என்ற பேச்சே அவரிடம் இல்லை. யாராவது மருமகனை ஏமாற்ற, "பிளேன் பிந்தீற்றுது எண்டு சொல்லுங்கோ சோமண்ணை" என்று கேட்டு வந்தால், கதவைக் காட்டிவிடுவார்.

அவர் செய்த ஒரு வேலையை வேறு எந்த ஏஜென்சியிலும் நான் காணவில்லை. ஒத்திகை. ரிக்கற் கொடுக்கும் நாளில் மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டு, குடிவரவு அதிகாரி மாதிரி பின்னால் நிற்பார். முகத்தில் சிரிப்பே இராது. பயணம் போகிறவர் வாசலில் இருந்து பெட்டியோடு நடந்து வர வேண்டும். "ஏன் வந்தீர்? எத்தனை நாள்? எங்கே தங்குகிறீர்?" என்று ஆங்கிலத்தில் கேட்பார். எங்கள் ஆட்களின் பெரிய பிழை ஒன்று அப்போதுதான் வெளிவரும். மரியாதைக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். "இங்கேயே இருந்துவிடப் போகிறீரா?" என்றால் "யெஸ் சேர்." "வேலை தேடுவீரா?" "யெஸ் சேர்." அதிகாரி பெரிய மனுசன், அவரிடம் இல்லை என்று சொல்வது பண்பில்லை என்பது எங்கள் வளர்ப்பு. சோமண்ணை மேசையில் தட்டுவார். "திரும்ப வாசலுக்குப் போங்கோ!" மூன்று நான்கு தரம் நடத்துவார். கொழும்பில் இருக்கும் தாய்மாருக்கும் போனில் இதே ஒத்திகைதான். அவர்களை மட்டும் அதட்ட மாட்டார். அந்த வேலையை என்னிடம் தந்துவிடுவார்.

ரவி அப்படித்தான் எங்களிடம் வந்தான். மல்வேர்னில் மாமனோடு இருந்தவன். பகலில் ஒரு தொழிற்சாலை, இரவில் ஒரு கட்டடத்தில் துப்புரவு வேலை. தகப்பன் ஷெல் பட்டுப் போய்விட்டார். தாய் மனோன்மணியும் தங்கை சாந்தியும் கொழும்பில். தாய்க்குக் கனடா விசா இரண்டு தரம் மறுத்தாயிற்று. ஒத்திகையில் ரவி எல்லாக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னான். கடைசியாகச் சோமண்ணை, "யாரைப் பார்க்க வந்தீர்?" என்று கேட்டபோது மட்டும் குரல் உடைந்துவிட்டது. சோமண்ணை திருப்பி நடக்கச் சொல்லவில்லை.

லண்டன் பிளேன் கிழமைக்கு ஒன்று என்பதால் மனோன்மணி அம்மா முதலில் போய்ச் சேர்ந்தார். மிஸ் ஐவி என்ற விதவையின் விடுதியில் இடம் எடுத்திருந்தோம். எங்கள் ஆட்கள் சமைக்கத் தன் குசினியைத் திறந்துவிடும் மனுசி. அங்கிருந்து அம்மா எனக்குப் போன் எடுத்தார். "பிள்ளை, இஞ்ச ஈரப்பலாக்காய் மரத்தில தொங்குது! அரிசியும் கிடைக்குது. அவனுக்கு ஒண்டும் வாங்கிக் கட்ட வேண்டாமெண்டு சொல்லு. பிளேன் ஏறி வந்தால் காணும்."

ரவிக்குச் சனிக்கிழமை பிளேன். பத்து நாள் லீவுக்காக அந்தக் கிழமை முழுக்க இரட்டை வேலை செய்தான். வியாழக்கிழமை காலை வேலை முடிந்து வரும்போது, பனி பெய்த நெடுஞ்சாலையில் அவனுடைய கார் ஒரு லொறிக்குக் கீழே போய்விட்டது. அவன் அங்கேயே முடிந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை கடை திறந்ததும் மாமன் குகதாசன் வந்தார். மனோன்மணி அம்மாவின் தம்பி. சப்பாத்துக்கூடக் கால் மாறிப் போட்டிருந்தார். விசயத்தைச் சொன்ன பிறகு அவர் கேட்டது இதுதான்.

"சோமண்ணை, அக்காவுக்குப் பிரசர் இருக்கு. தன்னந்தனிய அந்நிய தேசத்தில நிக்கிறா. சொல்லேலாது. பிளேன் கான்சல் எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி அவனுக்கு அப்பெண்டிக்ஸ், ஆஸ்பத்திரியில எண்டு சொல்லுங்கோ. எப்பிடியெண்டாலும் அக்காவைக் கொழும்புக்குத் திருப்பிவிடுவம். அங்க இனசனம் இருக்கு, அவை பக்குவமாச் சொல்லுவினம். சாந்திக்கும் இப்ப சொல்லேலாது. அவளுக்கு மாசம் நிறைஞ்சிருக்கு. முதல் பிள்ளையும் தங்கேல்லை."

இதை வாசிக்கும் இளைய ஆட்களுக்கு இது கொடுமையாகத் தெரியும். எங்களுக்குள் அது பழக்கம். தனியாக நிற்பவருக்குச் சாவு சொல்லக்கூடாது. நாலு பேர் பிடித்துக்கொள்ள இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்துதான் சொல்வோம். அதுவரை எத்தனை பொய்யும் சொல்வோம். சிதறிப்போன சனத்துக்கு அந்தப் பொய்யைக் காவிக்கொண்டு போனவர்கள் பெரும்பாலும் ரிக்கற் ஏஜென்சிக்காரர்கள்தான்.

சோமண்ணை அப்போது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வாடிக்கையாளர் நிற்க அவர் உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். முதலில் அம்மாவை ரொறன்ரோவுக்கு எடுக்கலாமா என்று பார்த்தார். அந்தத் தீவில் கனடா அலுவலகம் இல்லை. பக்கத்துத் தீவில் இருந்த அலுவலகத்தில், திங்கட்கிழமை நேரில் வந்து விண்ணப்பித்தால் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பிரேதத்தை அதற்குமேல் வைத்திருக்க மாமன் சம்மதிக்கவில்லை. திங்கட்கிழமை எடுப்பது என்று முடிவாகியிருந்தது. சோமண்ணை போனை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"பிளேன் கான்சல் இல்லைக் குகன். நாளைக்கு நேரத்துக்குப் போகுது. நான் அந்தப் பொய்யைச் சொல்லமாட்டன். அந்த மனுசிக்குப் பக்கத்தில ஒரு ஆள் போய் நிக்கவேணும்."

யார் போவது? மாமனுக்குக் கையில் பயணக் கடதாசி இல்லை. சோமண்ணையின் அகதிக் கேஸே அப்போது முடியவில்லை. ஆயிரம் பேரைப் பிளேன் ஏற்றியவர், தான் ஏற முடியாதவர். கனடாப் பாஸ்போட் இருந்தது எனக்கு மட்டும்தான். சனிக்கிழமைப் பிளேன் நிறைந்திருந்தது. ஓர் இடம்தான் வெறுமையாக வரும். கொம்பியூட்டரில் ரவியின் பெயரை அழித்தால்தான் அந்த இடம் வெளியே வரும். அந்தக் கட்டளையை நானே அடித்தேன். அந்த வேலையில் இருந்த காலம் முழுவதும் எத்தனையோ பெயர்களை அழித்திருக்கிறேன். அதை மட்டும் விரல்கள் இன்னும் மறக்கவில்லை.

பிறகு மிஸ் ஐவியின் வீட்டுக்குப் போன் எடுத்தேன். "அம்மா, ரவிக்கு இந்தப் பிளேனுக்கு வரேலாமல் போச்சு. நான் வாறன்" என்றேன். "நீ உறைப்புச் சாப்பிடுவியோ பிள்ளை?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப வா" என்றார்.

பின்னேரம் மாமன் போன பிறகு சோமண்ணை மேசையைச் சுவரோடு தள்ளினார். நான் அதிகாரிக்குப் பதில் சொல்லப் பழக்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை. இந்த முறை அவர் வாடிக்கையாளரின் நாற்காலியில் இருந்தார். என்னை வாசலில் இருந்து நடந்து வரச் சொன்னார். நான் வந்து முன்னால் நின்றதும், மனோன்மணி அம்மாவாக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை, என்ர மகன் எங்க?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ரையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். அவருக்கும் ஒரு தாய் வவுனியாவில் இருந்தார் என்பதை அன்றைக்குத்தான் சொன்னார். அந்த ஒத்திகை முடியவேயில்லை.

அந்தத் தீவை அத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்த நான் முதன்முதலாக அதைப் பார்த்தது அப்படித்தான். மலை, மலை முழுக்கப் பச்சை, கீழே ஒரு துண்டு ஓடுபாதை. குட்டிப் பிளேன் இறங்கும்போது கம்பி வேலிக்கு வெளியே நின்ற சனத்துக்குள் வெள்ளைச் சேலை தெரிந்தது. பக்கத்தில் குடையோடு மிஸ் ஐவி. அம்மா படியில் இறங்கிய ஒவ்வொருவரையும் பார்த்தார். கடைசி ஆள் இறங்கி, கதவை மூடும்வரை பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

மாமன் சொல்லித் தந்தது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அப்பெண்டிக்ஸ், ஒப்பரேசன், பயமில்லை, டொக்டர் நல்ல ஆள். வாடகை வான் ஒன்றில் ஏறி விடுதி போகும்வரை அம்மா வழியில் இருந்த மரங்களைக் காட்டிக்கொண்டு வந்தார். முருங்கை இருக்கிறதாம், இலையை இங்கே ஒருவரும் தின்பதில்லையாம். விடுதியில் என்னைக் கட்டிலில் இருத்திவிட்டு, தான் நிலத்தில் இருந்தார்.

"பிள்ளை, நீ பொய் சொல்ல வந்தனியெண்டால் கஷ்டப்படாத. ரிக்கற் விக்கிற பிள்ளையைப் பிளேன் ஏத்தி அனுப்பினவை எண்டால், அவன் இல்லை. ஆஸ்பத்திரியில இருந்தானெண்டால் குகன் போனில கதைச்சிருப்பான். எனக்கு நேற்றே விளங்கீற்றுது. சொல்லு."

சொன்னேன். கார், பனி, லொறி எல்லாம். நோகவில்லை, உடனே முடிந்துவிட்டது என்று டொக்டர் சொன்னதையும் சொன்னேன். அம்மா அழவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. பிரசருக்குப் போடும் குளிசை எங்கே என்று என் கண் தேடியது. அவர் தலையை ஆட்டியபடி இருந்தார். பிறகு "எப்ப எடுக்கினம்?" என்று கேட்டார்.

"திங்கட்கிழமை காலமை அம்மா."

"என்னைக் கொண்டுபோகேலாதோ?"

"ஏலாது அம்மா. சோமண்ணை எல்லா இடமும் கேட்டவர்."

"சரி. ஊரிலயெண்டாலும் பொம்பிளையளை வாசல் படலையோட மறிச்சுப் போடுவினம். சுடலைக்கு விடாயினம். இது கொஞ்சம் தூரப் படலை, அவ்வளவுதான்."

தன்னைத் தேற்றிக்கொள்ள ஒரு தாய்க்குக் கிடைத்த ஒரே சமாதானம் அது.

திங்கட்கிழமை விடிய நாங்கள் மேற்குக் கரைக்குப் போனோம். நான் கிறிஸ்தவ வேதக்காரி, அவர்களுடைய சைவ முறை எனக்குத் தெரியாது. அவர் சொன்னதைச் செய்தேன். மிஸ் ஐவி, கேட்காமலே ஒரு தட்டு நிறைய வெள்ளைப் பூ ஆய்ந்துகொண்டு வந்தார். ரொறன்ரோவில் கிரியை தொடங்கும் நேரம் பார்த்து, அம்மா சேலையோடு கடலில் இறங்கி மூன்று தரம் முழுகினார். பூவைத் தண்ணீரில் விட்டார். மிஸ் ஐவி கரையில் நின்று மெதுவாகத் தங்கள் தேவாலயப் பாட்டைப் பாடினார். எனக்குச் செபமாலை சொல்ல முடியவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உல்லாசப் பயணிகள் இரண்டு பேர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள்.

விடுதிக்கு வந்து அம்மா ஈர உடுப்பு மாற்றிச் சமைத்தார். சோறும் ஈரப்பலாக்காய்க் கறியும் முருங்கையிலை வறையும். சாப்பிட உட்காரும்போது போன் அடித்தது. மிஸ் ஐவி எடுத்துவிட்டு அம்மாவிடம் நீட்டினார். கொழும்பிலிருந்து சாந்தி. அங்கே இரவு. அண்ணன் வந்து இரண்டு நாளாகியும் ஒருவரும் தனக்குப் போன் எடுக்கவில்லையே என்று அவளே அழைத்திருக்கிறாள். அந்தப் பிள்ளையின் குரல் எனக்கே கேட்டது. அண்ணாவைக் கண்டனீங்களோ அம்மா, எப்பிடி இருக்கிறார், அண்ணாட்டைக் குடுங்கோ.

நான் எழுந்து நின்றுவிட்டேன். போனை வாங்கி நான் எதையாவது சொல்லலாம் என்று கையை நீட்டினேன். அம்மா என் கையை விலக்கினார்.

"கண்டனான் பிள்ளை. சுகமா இருக்கிறான். கொஞ்சம் மெலிஞ்சு போனான். வேலை வேலையெண்டு ஒழுங்காச் சாப்பிடுறேல்லைப் போல... இல்லை, இப்ப இஞ்ச இல்லை. கடலுக்குப் போயிட்டான். நீ கால் ரெண்டையும் நீட்டிப் படு. மனசை அலைக்கழிக்காத. பிள்ளையைப் பெத்தெடு. நான் வந்திடுவன்."

போனை வைத்தார். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வந்து இருந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை, நீ அவனைக் கண்டனி எல்லோ. நான் சொன்னது சரிதானே? மெலிஞ்சுதானே இருந்தவன்?"

"இல்லை அம்மா," என்றேன். "கன்னமெல்லாம் வைச்சு, வண்டி வயிறும் வைச்சு, வடிவா இருந்தவர்."

அப்போதுதான் அந்த அம்மா அழுதார்.